பத்துப் பேருக்கு ஒரு பெட்டி

மூலைக்கரைப்பட்டி
7.12.2014

அன்புள்ள மதிக்கு,

கனி எழுதுகிறேன். நீ நன்றாகத்தான் இருப்பாய். சண்டை போட நான் பக்கத்தில் இல்லாததால் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்திருக்கும்.

அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுந்து உட்கார்ந்து வீட்டில் எல்லாரையும் திட்ட ஆரம்பித்துவிட்டார், அதனால் குணமாகிறார் என்று எடுத்துக்கொண்டோம். என் போன் அவர் தலைமாட்டில்தான் கிடக்கிறது. நீ கூப்பிட்டால் வீடே காது கொடுக்கும். தம்பி இசக்கிபாண்டி ஸ்பீக்கரைப் போட்டுவிடுவான். அதனால்தான் இந்தக் காகிதம்.

நமக்கு இது புதிதா என்ன? கம்பெனியில் ஒரே டெஸ்ட் ஸ்டேஷனில், ஒரே நாற்காலியில், உன் ஷிஃப்ட் முடிந்து நீ எழுந்தால் அடுத்த ஷிஃப்டுக்கு நான் உட்காருவேன். கேட்டுக்கு உள்ளே துண்டுக் காகிதம்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் லூர்தம்மாள் அக்கா டீக்கடையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் சீட்டு வைத்துவிட்டுப் போவோம். "மூணாவது ஸ்லாட் லூசா கீது, மெதுவா அமுக்கு" என்பதுதான் நீ எனக்கு எழுதிய முதல் சீட்டு. அப்போது உன் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அடுத்து வந்து உட்காருகிறவளுக்குக் குறையைச் சொல்லாமல் எழுந்து போகக் கூடாது என்று நாமாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். ஊருக்கெல்லாம் செல்போன் செய்து கொடுத்த இரண்டு பேர் சீட்டு எழுதிச் சிநேகிதமானதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

கம்பெனி மூடிய அன்று கேட்டில் எல்லாரும் அழுதுகொண்டு நின்றபோது நீ என் கையைப் பிடித்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அழுவாதடி, எங்கப்பா கட்டின கடை காலியாத்தான கீது, நாம ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் சென்டர் வெக்கலாம்." அந்த ஒரு வார்த்தையில்தான் நான் ரயில் ஏறினேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "இன்னொருத்தன் கம்பெனிக்கு இனி அனுப்ப மாட்டேன். சொந்தக் கடைன்னா போய்க்கோ" என்கிறார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய காரியம்.

ஒரு சர்வர் பெட்டி, அதிலிருந்து பத்துத் திரை, பத்துக் கீபோர்டு, பத்து நாற்காலி. நாம் பேசியது மறக்கவில்லையே? ஓ.டி. நேரங்களில் சர்வர் அறையில் வனமாமலை அண்ணனுக்கு உதவியாக நின்று கற்றதெல்லாம் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். என்னோடு விடுதியில் இருந்த கனகலட்சுமி முதல் நாற்காலி தனக்கு என்று சொல்லிவிட்டாள். அங்கே வேலை தேடிக்கொண்டிருக்கிற மற்றப் பிள்ளைகளும் வருவார்கள்.

உடனே பதில் போடு.

உன் அடுத்த ஷிஃப்ட்,
கனி


பிள்ளைப்பாக்கம்
21.12.2014

அன்புள்ள கனிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அப்பா திட்டுகிறார் என்று படித்ததும் எங்கள் அம்மா, "அப்போ பொழைச்சிக்கினாரு" என்றார். உனக்கு உடம்பு பெருக்கவில்லையா? உங்கள் ஊர்க் கருப்பட்டி எல்லாம் எங்கே போகிறது?

இங்கே எல்லாரும் சுகம். வேலை போனதிலிருந்து காலையில் எழுந்ததும் கம்பெனி பஸ் ஹாரன் கேட்கிறாற்போலவே இருக்கிறது. நம் ஆட்கள் பாதிப்பேர் ஒரகடம் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனிகளில் கேட்டுக்குக் கேட்டு ஏறி இறங்குகிறார்கள். எங்கள் வீட்டு ரகு அண்ணன் கல்யாண போட்டோ எடுக்கப் போய்விட்டு, ஆல்பம் அடிக்கக் குன்றத்தூருக்கும் வீட்டுக்கும் அலைகிறது. அண்ணனிடம் நம் கடையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

குன்றத்தூரில் பலராமன் என்று ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டி கட்டித் தருகிறார். அவரிடம் சர்வர் என்றேன். "இன்னாத்துக்கும்மா சர்வர்? டெஸ்க்டாப் ப்ராசசர் போட்டா பாதி விலைதான், வேகமும் அதான் ஜாஸ்தி" என்கிறார். வேகம் அதிகம், விலை குறைவு என்றால் நாம் ஏன் இன்னொன்றை வாங்க வேண்டும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஷிஃப்ட் மாறும்போது ஃபெயில் ஆன போர்டைக் காட்டிக் காட்டிச் சொல்லுவாயே, அந்த மாதிரி.

அப்படியே இதையும் எழுது. ஆல்பம் டிசைன் செய்வதற்கு எந்த ப்ராசசர் நல்லது? ரகு அண்ணனின் சிநேகிதர் ஒருவர் கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பொங்கலுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள், அவசரம் இல்லை.

உன் அடுத்த ஷிஃப்ட்,
மதி


மூலைக்கரைப்பட்டி
2.1.2015

அன்புள்ள மதிக்கு,

புது வருடம் உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் நல்லதாக இருக்கட்டும்.

பலராமன் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான். லூர்தம்மாள் அக்காவை நினைத்துக்கொள். கடையில் நீ ஒருத்தி மட்டும் நின்றால் அக்கா போடுகிற வேகத்துக்கு யாரும் டீ போட முடியாது. டம்ளரை வைக்கிறதுக்குள் டீ வந்துவிடும். அதுதான் டெஸ்க்டாப் ப்ராசசர். உள்ளே வேலை செய்கிற கைகள் குறைவு, ஆனால் ஒவ்வொரு கையும் மின்னல். ஒரே ஆள் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்ய அதைவிட நல்லது கிடையாது.

ஷிஃப்ட் விட்டு எல்லா பஸ்ஸும் வந்து நிற்கும்போது அக்கா என்ன பாடு படும் என்று நீயே பார்த்திருக்கிறாய். அப்போது வேண்டியது நிறைய அடுப்பு, நிறையக் கை. ஒவ்வொரு கையும் கொஞ்சம் நிதானமாக இருந்தாலும் யாரையும் நிறுத்தி வைக்காத கடை. சர்வர் ப்ராசசர் அப்படி. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பத்து வேலை கேட்டாலும் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ராப்பகலாக ஓடினாலும் சளைக்காது. அதற்கென்று தனி மெமரி உண்டு, தன்னிடம் ஒரு எழுத்துத் தப்பிப்போனால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். ஒரு பிள்ளை பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டி நின்றால் அவள் ஒருத்திக்கு நஷ்டம். நம் கடையில் நின்றால் பத்துப் பேருக்கும் சேர்த்து நஷ்டம். விலை அதற்குத்தான்.

ஆகவே எது பெரிது என்று கேட்காதே. யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று கேள். அண்ணனின் சிநேகிதர் ஆல்பம் செய்கிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வாங்கச் சொல். ஐ-செவன் கிடைத்தால் நல்லது. படத்தை இழுத்து ஒட்டுகிற வேலைக்குச் சர்வர் வாங்கினால் விலையும் கொடுத்துக் காத்தும் கிடப்பார். நமக்கு ஜியான் என்கிற சர்வர் ப்ராசசர். பலராமனிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேள், வேறு எதைக் காட்டினாலும் தலையாட்டாதே.

மெமரிக்கு நீ அலைய வேண்டாம், அது என் பங்கு. வனமாமலை அண்ணன் இப்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். சர்வர் மெமரியாகவே எடுத்து, சோதித்து, அவரே கொண்டுவந்து உன்னிடம் கொடுப்பார். கம்பெனிக் கணக்கு முடித்ததில் கையில் மிச்சம் இருந்தது அதற்குப் போய்விட்டது, பரவாயில்லை.

இன்னொன்று. வள்ளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்குச் சுங்குவார்சத்திரத்தில் சொந்தக் கடை இருக்கிறது என்றேன். மாப்பிள்ளையின் அம்மா, "கல்யாணம் முடிஞ்சதும் கடைய விட்ருவல்லா?" என்று கேட்டார். விடமாட்டேன் என்றேன். காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை, எழுந்து போய்விட்டார்கள். ஊரே என்னைத் திட்டுகிறது. அப்பா மட்டும் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "கட நெசந்தானட்டி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நெசந்தான் என்றேன்.

உன் அடுத்த ஷிஃப்ட்,
கனி


பிள்ளைப்பாக்கம்
27.1.2015

அன்புள்ள கனிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பொங்கல், சொந்தக்காரர்கள், கடைக்கு வெள்ளையடிப்பு என்று ஒரே அலைச்சல். குன்றத்தூர் கோயிலுக்குப் போய் உன் பேரிலும் அர்ச்சனை செய்தேன். விபூதி இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், உங்கள் அப்பாவுக்குப் பூசிவிடு.

நீ எழுதிய டீக்கடைக் கதையை வீட்டில் படித்துக் காட்டினேன். எங்கள் அப்பாவுக்கே புரிந்துவிட்டது. "பொண்ணு நல்லா வெளக்கி எய்திக்கீது" என்றார்.

பெட்டி வந்துவிட்டது. தை வெள்ளிக்கிழமை பூஜை போட்டுத் திறந்தோம். சின்னதாகத்தான், யாரையும் கூப்பிடவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து உன்னை அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. பெட்டி நல்ல வேகம்.

ஆனால் ஒரு பிரச்சினை. வனமாமலை அண்ணன் கொடுத்துவிட்டுப் போன மெமரியை மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கிறது. விட்டுவிட்டு ஒரு பீப் சத்தம் வருகிறது. அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியோடு வந்த மெமரியைப் போட்டால் நன்றாக ஓடுகிறது. இடம் மாற்றியும் பார்த்துவிட்டேன், கச்சிதமாகத்தான் உட்காருகிறது. எல்லா மெமரிக் குச்சியுமா பழுதாக இருக்கும்? பழகின மனுஷர் என்று நம்பினோம், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று ரகு அண்ணன் சந்தேகப்படுகிறது. நீயே அவரை நன்றாகக் கேள்.

நீ மெதுவாகவே வா. இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

மதி


மூலைக்கரைப்பட்டி
4.2.2015

மதி,

நீ சொன்னபடியே வனமாமலை அண்ணனை நன்றாகக் கேட்டேன். அப்பாவின் தலைமாட்டிலிருந்து போனைப் பிடுங்கி, வீடு முழுக்கக் கேட்கும்படி, அப்பா வயதுடைய மனுஷரைத் திருடன் என்று ஒன்றுதான் சொல்லவில்லை. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கனிம்மா, போர்டு எந்தப் போர்டுன்னு கேட்டியா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? கம்பெனி சர்வர் அறையில் நானே மாட்டிக் கழற்றிய மெமரி வகை அது. சர்வர் மெமரியும் சாதா மெமரியும் நுழைகிற வாய் ஒன்றுதான், கச்சிதமாகத்தான் உட்காரும். உட்கார்ந்தாலும், டெஸ்க்டாப் ப்ராசசர் போட்ட போர்டு அதைச் சேர்த்துக்கொள்ளாது. திரை கறுப்பாக நிற்கும், விட்டுவிட்டுக் கத்தும். இந்த ஒரு சத்தத்துக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். ஆனாலும் உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன், வேறு ஏதாவது காரணம் கிடைக்குமா என்று. பலராமன் உன்னை ஏமாற்றியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதை நம்பத்தான் ஆசை.

அதனால் நேராகக் கேட்கிறேன். பெட்டியில் இருப்பது எந்த ப்ராசசர்? மை கம்ப்யூட்டரை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் போய், அங்கே உள்ள பெயரை எழுத்து மாறாமல் எழுது.

கடையில் எத்தனை நாற்காலி போட்டிருக்கிறாய் என்றும் எழுது.

கனி


பிள்ளைப்பாக்கம்
15.2.2015

அன்புள்ள கனிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஐ-செவன்தான். நாற்காலி இரண்டு. ஒன்று ரகு அண்ணனுக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு. பலராமன் ஏமாற்றவில்லை.

நீ ஊருக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு மாறிவிட்டது. நிலத்தை விற்ற பணத்தில் அப்பா கட்டிய கடை அது, உனக்குத் தெரியும். "பையன் போட்டோ எட்த்துக்கினு தெருத் தெருவா அலையுறான், நீ ஊரான் வூட்டுப் பொண்ணுக்குக் கடையத் தூக்கிக் குடுக்குறியா" என்று அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அப்பாவும் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டார். அண்ணன் என்னை எதுவும் கேட்கவில்லை, ஆனால் சாவி அதன் பையில் போய்விட்டது. நான் என்ன செய்ய முடியும் என்று நீயே சொல்.

ஆல்பம் பற்றி நான் கேட்டபோதே அண்ணனுக்காகத்தான் கேட்டேன். சிநேகிதர் யாரும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அப்பாவுக்கு நிச்சயம் வந்தது, இந்த வேலைக்கு இந்தப் பெட்டி என்று. நீ அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாய். அந்தக் காகிதத்தையே பலராமனிடம் காட்டி வாங்கினார்கள்.

பெண் பார்க்க வந்தவர்களை நீ திருப்பி அனுப்பியதைப் படித்த அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். நீ எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய் என்று பார்த்ததும் கை வரவில்லை. பிறகு எழுதலாம், நேரில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. உன்னை இழக்கக் கூடாது என்று பயந்துதான் சொல்லவில்லை, சத்தியமாக.

அண்ணனிடம் பேசிவிட்டேன். நீ வந்தால் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளச் சம்மதம். ஆல்பம் டிசைன் உனக்கு எளிதாக வரும். உனக்காகத் தனி நாற்காலி போடச் சொல்கிறேன். நாம் இனி பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், பழையபடி சண்டை போடலாம். கோபம் ஆறினதும் ஒரு வரி போடு.

மெமரியை என்ன செய்யட்டும்? பலராமன் அது தன் கடையில் விலை போகாது என்கிறார்.

உன்,
மதி


மூலைக்கரைப்பட்டி
22.2.2015

மதிவதனிக்கு,

முதலில் பெட்டி விஷயம். என் மெமரியை இனி அதில் மாட்டிப் பார்க்காதே. அடிக்கடி போட்டுக் கழற்றினால் ஸ்லாட் லூசாகும். கூடுதல் மெமரி வேண்டுமென்றால் டெஸ்க்டாப்புக்கான சாதா மெமரி, ஏற்கெனவே உள்ளதோடு ஒத்துப்போகிறதாக, பலராமனையே போடச் சொல். ஆல்பம் செய்யும்போது ஐ-செவன் சூடாகும். காற்றாடியில் தூசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுங்குவார்சத்திரம் ரோட்டுத் தூசி சும்மா விடாது. இதையெல்லாம் எழுத எனக்கு மனசே இல்லை. நாம் வைத்துக்கொண்ட சட்டம் அது, எனக்கு அது இன்னும் பாக்கி இருக்கிறது. உன் ஸ்டேஷனை விட்டு எழுந்திருக்கிறேன், குறையைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடை உங்கள் அப்பாவுடையது. அண்ணனுக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை இல்லை. "வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை கனி" என்று ஒரே வரி டிசம்பரிலேயே நீ எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன், உன்னைத் திட்டியிருப்பேன், பிறகு உன் அண்ணனுக்கு எந்தப் பெட்டி நல்லது என்று நானே கேட்காமல் எழுதியிருப்பேன். என்னை உனக்குத் தெரியாதா? நீ என்னிடமே விசாரித்து, என் கையாலேயே எழுதி வாங்கி, அதைக் கொண்டுபோய் என் இடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். நம் பிள்ளைகள் பத்துப் பேர் உட்கார வேண்டும் என்று நான் யோசித்து யோசித்து எழுதிய காகிதத்தைப் படித்து உன் வீட்டார் இரண்டு நாற்காலி வாங்கியிருக்கிறார்கள். அது எனக்கு ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

என்னை இழக்கப் பயந்து சொல்லவில்லை என்கிறாய். மூன்றாவது ஸ்லாட் லூசு என்று முகம் தெரியாத ஒருத்திக்கு எழுதி வைத்தவள் நீ. எனக்கு எழுதக் கை வரவில்லையா?

சம்பளத்துக்கு வர மாட்டேன். அப்பா அனுப்ப மாட்டார் என்பதற்காக இல்லை, அவர் அனுப்பினாலும் வர மாட்டேன். உன் அண்ணனுக்கு இதைக் கோபமில்லாமல் சொல்லிவிடு, அவர் எனக்கு ஒரு வாக்கும் கொடுத்தவர் இல்லை.

வனமாமலை அண்ணனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்றார். அவர் அப்படி லேசாக விட்டதுதான் அதிகமாக வலித்தது. கனகலட்சுமிக்கும் எழுதிவிட்டேன், முதல் நாற்காலி என்று அவள் காத்திருக்க வேண்டாம் என்று. வள்ளியூர்க்காரர்கள் வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்களாம். அதற்கு நீ காரணம் இல்லை, விட மாட்டேன் என்று சொன்னது நான்தான். எதை விட மாட்டேன் என்று சொன்னேன் என்பதுதான் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

அப்பா மறுபடி எதுவும் கேட்கவில்லை. இன்று காலையில் கஞ்சி கொடுக்கும்போது நானே சொன்னேன். "கட இல்லப்பா." அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் புள்ள நல்லா இருக்காளா?" என்று கேட்டார். உன்னைத்தான். நீ அனுப்பிய விபூதியை அவர் இன்னும் தினமும் பூசிக்கொள்கிறார், நான் தடுக்கவில்லை.

மெமரியை லூர்தம்மாள் அக்கா கடையில் கொடுத்துவிடு. கனகலட்சுமி போய் வாங்கி வனமாமலை அண்ணனிடம் சேர்ப்பாள்.

கூடச் சீட்டு எதுவும் வைக்காதே.

இ. செல்லக்கனி